தன்ராஜ் பிள்ளை: ஃபேக்டரி குவார்ட்டர்ஸ் பையன் 4 ஒலிம்பிக் ஆடியது எப்படி? ஹாக்கியில் 'வேலை' ஏன் முக்கியம்? - முழு விளக்கம்

திருச்சி திருவெறும்பூர் பக்கம் ஒரு பையனோ பொண்ணோ ஹாக்கி மட்டையைக் கையில் எடுத்தால், வீட்டில் வரும் முதல் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான். "இதை ஆடினா வேலை கிடைக்குமா?"

பெல் நிறுவனம், துப்பாக்கித் தொழிற்சாலை, கொஞ்சம் தள்ளி பொன்மலை ரயில்வே பணிமனை என்று மாதச் சம்பளத்தின் அருமை தெரிந்த பகுதி இது. அதனால் பெற்றோர் இப்படிக் கேட்பதில் தப்பே இல்லை. சொல்லப் போனால், இந்திய ஹாக்கியின் கதையே கிட்டத்தட்ட இந்தக் கேள்வியைச் சுற்றித்தான் நகர்ந்திருக்கிறது.

ஒரு சர்வதேச ஹாக்கி வீரரின் வாழ்க்கை எங்கே தொடங்குகிறது, யார் சோறு போடுகிறார்கள், எங்கே சறுக்குகிறது, எப்படி முடிகிறது? இதைப் புரிந்துகொள்ள தன்ராஜ் பிள்ளையின் கதையை விட நல்ல உதாரணம் கிடைக்காது. காரணம், அவரும் ஒரு ஃபேக்டரி குவார்ட்டர்ஸ் பையன். தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை.

சுருக்கமாகச் சில தகவல்கள்

- பிறப்பு: 1968 ஜூலை 16, புனே அருகே கட்கி
- ஆடிய இடம்: முன்கள வீரர்
- சர்வதேச ஆட்டக் காலம்: 1989 டிசம்பர் முதல் 2004 ஆகஸ்ட் வரை
- ஆடிய போட்டிகள்: 339
- ஒலிம்பிக்: 1992, 1996, 2000, 2004
- உலகக் கோப்பை: 1990, 1994, 1998, 2002
- ஆசிய விளையாட்டு: 1990, 1994, 1998, 2002
- சாம்பியன்ஸ் டிராபி: 1995, 1996, 2002, 2003

நான்கு பெரிய தொடர்களிலும் தலா நான்கு முறை. இப்படி ஆடிய ஒரே வீரர் என்று இன்றும் அவரைத்தான் சொல்கிறார்கள். ஆனால் ஒலிம்பிக் பதக்கம்? ஒன்றுகூட இல்லை. ஏன் என்று பின்னால் பார்க்கலாம்.

யார் இந்த தன்ராஜ் பிள்ளை?

அப்பா நாகலிங்கம் பிள்ளை, அம்மா ஆண்டாளம்மா. மகாராஷ்டிராவில் குடியேறிய தமிழ்க் குடும்பம். ஐந்து மகன்களில் தன்ராஜ் நாலாவது. வீட்டில் தமிழ், வெளியே மராத்தியும் இந்தியும்.

கட்கியில் ராணுவத் தளவாடத் தொழிற்சாலை ஊழியர்களின் குடியிருப்பு உண்டு. அங்கிருந்த மைதானத்தைப் பராமரிக்கும் வேலை அப்பாவுக்கு. குடும்பத்தில் வசதி கிடையாது. புது மட்டை வாங்க முடியாத நிலையில், உடைந்த மட்டைகளைக் கட்டிச் சரிசெய்து, பெரியவர்கள் ஆடித் தூக்கிப்போட்ட பந்துகளை வைத்துத்தான் அண்ணன் தம்பிகள் பழகினார்கள். 'போய் ஆடுங்கடா' என்று ஊக்கம் கொடுத்தவர் அம்மா.

பின்னாளில் சந்தீப் மிஸ்ரா எழுதிய தன்ராஜின் வாழ்க்கை வரலாற்று நூலுக்கு வைத்த பெயரே 'என்னை மன்னித்துவிடு அம்மா' என்ற பொருளில்தான். அந்த அளவுக்கு அம்மாவின் நிழல் அவர் வாழ்க்கை முழுக்க இருந்தது.

கட்கிக்கும் திருவெறும்பூருக்கும் என்ன சம்பந்தம்?

நேரடி உறவு கிடையாது. ஆனால் இரண்டும் ஒரே அச்சில் வார்த்த மாதிரியான இடங்கள்.

கட்கியில் வெடிமருந்துத் தொழிற்சாலை. திருவெறும்பூரில் 1966-ல் தொடங்கிய துப்பாக்கித் தொழிற்சாலை. இரண்டுமே நீண்ட காலம் ஒரே அமைப்பின் கீழ், அதாவது மத்திய அரசின் தளவாடத் தொழிற்சாலைகள் வாரியத்தின் கீழ் இருந்தவை. 2021 அக்டோபரில் அந்த வாரியம் கலைக்கப்பட்டு 7 நிறுவனங்களாகப் பிரிந்தபோதுதான் இரண்டும் வேறு வேறு நிறுவனங்களுக்குப் போயின.

இந்த மாதிரி தொழிற்சாலைகள் வந்த இடத்தில் கூடவே குவார்ட்டர்ஸ், பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, விளையாட்டு மைதானம் என்று ஒரு சின்ன ஊரே வந்துவிடும். பெல் டவுன்ஷிப்பான கைலாசபுரம் இதற்கு நல்ல உதாரணம். சாயங்காலம் ஷிஃப்ட் முடிந்து வரும் பெரியவர்கள் ஆட, பக்கத்தில் நின்று பிள்ளைகள் பந்து பொறுக்குவார்கள். அப்படியே மட்டை பிடிக்கவும் கற்றுக்கொள்வார்கள்.

ஹாக்கி மாதிரி விளையாட்டு வளர இது ரொம்ப முக்கியம். கிரிக்கெட்டைத் தெருவில் ஆடிவிடலாம். ஹாக்கிக்குச் சமமான தரை வேண்டும், மட்டை வேண்டும், ஆட 11 பேர் வேண்டும். இதெல்லாம் இலவசமாகக் கிடைத்த இடங்கள் இந்தியாவில் கொஞ்சம்தான். ராணுவக் குடியிருப்புகள், ரயில்வே காலனிகள், மிஷன் பள்ளிகள், தொழிற்சாலை டவுன்ஷிப்புகள். இந்திய அணிக்குப் போன பெயர்களை எடுத்துப் பார்த்தால் பலர் இந்த நான்கில் ஏதோ ஒன்றிலிருந்து வந்திருப்பார்கள்.

'கம்பெனி அணி' என்றால் என்ன?

இங்கேதான் 'வேலை கிடைக்குமா' என்ற கேள்விக்கு முதல் பதில் வருகிறது.

இந்தியாவில் ஹாக்கி வீரர்களுக்குப் பல பத்து ஆண்டுகளாக ஐபிஎல் மாதிரி சம்பளம் தரும் கிளப்கள் கிடையாது. அதற்குப் பதில் இருந்தது 'டிபார்ட்மென்ட் டீம்'. ஒரு நிறுவனமோ அரசுத் துறையோ தனக்கென்று ஒரு அணி வைத்திருக்கும். நன்றாக ஆடும் இளைஞர்களுக்கு அங்கே வேலை கொடுக்கும். காலையும் மாலையும் பயிற்சி, சீசன் வந்தால் ஊர் ஊராகப் போட்டி. மாதம் பிறந்தால் சம்பளம் வந்துவிடும். ஆட முடியாத வயது வந்தாலும் வேலை கையில் இருக்கும்.

ஹாக்கி ஜாம்பவான் தியான்சந்த் ராணுவத்தில் சிப்பாயாகச் சேர்ந்து மேஜராக ஓய்வு பெற்றவர். அவர் காலத்திலிருந்தே இதுதான் வழி. தமிழ்நாட்டில் இந்தியன் ஓவர்சீஸ் வங்கி, இந்தியன் வங்கி, ஐசிஎஃப், தெற்கு ரயில்வே போன்ற அணிகளின் பெயர்களைச் சென்னை ஹாக்கி ரசிகர்கள் நன்றாக அறிவார்கள்.

தன்ராஜ் போனதும் இதே பாதைதான். அண்ணன் ரமேஷ் பிள்ளை மும்பையில் ஆர்சிஎஃப் என்ற உர நிறுவனத்தின் அணிக்கு ஆடிக்கொண்டிருந்தார். இந்தியாவுக்கும் ஆடியவர் அவர். 80-களின் நடுவில் தம்பி மும்பைக்கு வந்து அண்ணன் வீட்டில் தங்கினார், அதே அணியில் இடம் பிடித்தார். அடுத்து மஹிந்திரா அண்ட் மஹிந்திரா அணி. அங்கே முன்னாள் ஒலிம்பிக் வீரர் ஜோக்கிம் கார்வால்ஹோவின் பயிற்சி கிடைத்தது. பிறகு இந்தியன் ஏர்லைன்ஸ்.

அவர் பார்த்துப் பார்த்துப் பழகியது முகமது ஷாகித்தின் ஆட்டம். பந்தை மட்டையோடு ஒட்டவைத்த மாதிரி நாலு பேரைத் தாண்டி ஓடும் பாணி. அந்த ஓட்டத்துக்கு வேகத்தையும் சேர்த்தால் தன்ராஜ். காற்றில் பறக்கும் தலைமுடியோடு வலது பக்கம் அவர் சீறிப் பாய்வதைப் பார்க்க எதிர் அணி நாட்டிலும் டிக்கெட் வாங்கினார்கள்.

1989 முதல் 2004 வரை என்னென்ன சாதித்தார்?

முதல் தொடர் 1989 டிசம்பரில் டெல்லியில் நடந்த ஆசியக் கோப்பை. இறுதிப் போட்டியில் பாகிஸ்தானிடம் இந்தியா 0-2 என்று தோற்றது. 21 வயதில் தன்ராஜுக்கு அதுதான் தொடக்கம்.

அதற்குப் பிறகு முக்கியமான கட்டங்கள்:

1994: சிட்னி உலகக் கோப்பையில் இந்தியாவுக்கு 5-வது இடம். தொடர் முடிந்ததும் அறிவித்த உலக லெவன் அணியில் இடம்பெற்ற ஒரே இந்தியர் தன்ராஜ்.

1996: சென்னையில் சாம்பியன்ஸ் டிராபி. எழும்பூர் மேயர் ராதாகிருஷ்ணன் ஸ்டேடியத்தில் தமிழ் ரசிகர்கள் முன்னால் ஆடும் வாய்ப்பு. இந்தியாவுக்கு 4-வது இடம்.

1998: பாங்காக் ஆசிய விளையாட்டு. கேப்டன் தன்ராஜ். இறுதிப் போட்டியில் தென் கொரியாவுடன் 1-1. பெனால்டி ஸ்ட்ரோக்கில் கோல்கீப்பர் ஆஷிஷ் பல்லால் காப்பாற்ற, 32 ஆண்டுகளுக்குப் பிறகு இந்தியாவுக்குத் தங்கம். இதற்கு முந்தைய தங்கம் 1966-ல். அதுவும் இதே பாங்காக்கில் வென்றதுதான்.

2002: ஜெர்மனியின் கொலோன் நகரில் சாம்பியன்ஸ் டிராபி. அணி 4-வது இடத்தோடு திரும்பினாலும், தொடரின் சிறந்த வீரர் விருது தன்ராஜுக்கு. அப்போது அவருக்கு 34 வயது.

2003: கோலாலம்பூரில் ஆசியக் கோப்பை. மறுபடியும் கேப்டன். இறுதியில் பாகிஸ்தானை 4-2 என்று வீழ்த்தி இந்தியா முதன்முறையாக அந்தக் கோப்பையைத் தூக்கியது. அறிமுகத் தொடரில் இழந்ததை 14 ஆண்டு கழித்து அதே எதிரியிடமிருந்து வாங்கினார்.

நடுவில் அர்ஜுனா, ராஜீவ் காந்தி கேல் ரத்னா, பத்மஸ்ரீ விருதுகள் வந்தன. இங்கிலாந்து, பிரான்ஸ், ஜெர்மனி, மலேசியா, வங்கதேசம், ஹாங்காங் என்று வெளிநாட்டு கிளப்களுக்கும் ஆடினார். அந்தக் காலத்தில் இந்திய வீரர்களுக்கு மட்டையால் கொஞ்சம் பணம் பார்க்க அது ஒன்றுதான் வழி.

அப்புறம் ஏன் ஒலிம்பிக் பதக்கம் இல்லை?

தன்ராஜ் ஆடிய நான்கு ஒலிம்பிக்கில் இந்தியாவின் இடம் இதுதான்:

- 1992 பார்சிலோனா: 7
- 1996 அட்லாண்டா: 8
- 2000 சிட்னி: 7
- 2004 ஏதென்ஸ்: 7

இதற்குத் தனி ஒருவரைக் காரணம் சொல்ல முடியாது. ஆட்டமே மாறிவிட்டது.

1976 மாண்ட்ரியல் ஒலிம்பிக்கில் முதன்முறையாக ஹாக்கியைச் செயற்கைத் தரையில், அதாவது 'டர்ஃப்'பில் ஆடினார்கள். அதுவரை எல்லா ஒலிம்பிக்கிலும் பதக்கத்தோடு திரும்பிய இந்தியா அந்த முறை 7-வது இடம். 1980 மாஸ்கோவில் தமிழ்நாட்டின் வாசுதேவன் பாஸ்கரன் தலைமையில் இறுதியில் ஸ்பெயினை 4-3 என்று வென்று தங்கம் வாங்கினோம். ஆனால் அந்த ஒலிம்பிக்கை பாகிஸ்தான், நெதர்லாந்து, மேற்கு ஜெர்மனி, ஆஸ்திரேலியா போன்ற பல வலுவான அணிகள் புறக்கணித்திருந்தன.

புல் தரையில் பந்து எப்படி எழும்பும் என்று சொல்ல முடியாது. அங்கே மட்டை வித்தை தெரிந்தவன் ராஜா. டர்ஃப்பில் பந்து நேராக, வேகமாக ஓடும். அங்கே உடல் வலு, நீளமான பாஸ், பெனால்டி கார்னர் அடிப்பவர் ஆகிய மூன்றும் இருந்தால்தான் பிழைக்க முடியும். 1992-ல் எத்தனை முறை வேண்டுமானாலும் வீரரை மாற்றலாம் என்ற விதி வந்தது. 90-களின் கடைசியில் ஆஃப்சைடு விதியையே எடுத்துவிட்டார்கள். ஆட்டம் இன்னும் வேகமானது.

ஐரோப்பாவில் உள்ளூர் கிளப்களிலேயே டர்ஃப் வந்துவிட்டது. இந்தியாவில் ஒரு டர்ஃப் போடப் பல கோடி ரூபாய் வேண்டும் என்பதால், பெரும்பாலான பிள்ளைகள் கட்டாந்தரையில் பழகி, பெரிய போட்டிக்குத் தேர்வான பிறகுதான் டர்ஃப்பில் கால் வைத்தார்கள். தன்ராஜ் தலைமுறை முழுக்க இந்தப் பள்ளத்தில் நின்றுதான் ஆடியது.

பதக்கத்துக்கு மிக அருகில் போனது 2000 சிட்னி ஒலிம்பிக்கில். பயிற்சியாளர் அதே பாஸ்கரன். கடைசி லீக் ஆட்டத்தில் போலந்தை ஜெயித்தால் அரையிறுதி. இந்தியா 1-0 என்று முன்னிலையில் இருந்தது. ஆட்டம் முடிய இரண்டு நிமிடம்கூட இல்லாத நேரத்தில் போலந்து கோல் போட்டது. 1-1. அவ்வளவுதான், அரையிறுதி வாய்ப்பு போனது. மைதானத்திலேயே வீரர்கள் அழுத காட்சியை அந்தக் கால ரசிகர்கள் இன்னும் மறக்கவில்லை.

தங்கம் வென்ற கேப்டனை ஏன் நீக்கினார்கள்?

தன்ராஜ் கதையில் ரொம்பப் பேர் கேட்கும் கேள்வி இது.

1998 டிசம்பரில் 32 வருடக் காத்திருப்பு முடிந்து தங்கம் வந்தது. அடுத்து பாகிஸ்தானோடு ஒரு தொடர். அதற்கான அணி அறிவிப்பு வந்தபோது கேப்டன் தன்ராஜ் இல்லை. பெனால்டி ஸ்ட்ரோக்கில் தங்கத்தைக் காப்பாற்றிய பல்லால் இல்லை. சீனியர் வீரர்கள் மொத்தம் 7 பேர் வெளியே.

'ஓய்வு கொடுத்திருக்கிறோம்' என்பது அன்றைய இந்திய ஹாக்கி சம்மேளனத்தின் விளக்கம். ஆனால் வீரர்களுக்குத் தரும் படி குறைவு, வசதி போதவில்லை என்று குரல் கொடுத்ததற்கான பதிலடி இது என்றுதான் பரவலாகப் பேசப்பட்டது. வெளிநாட்டுத் தொடருக்குப் போகும் வீரர்களுக்குத் தரும் படிப்பணம் பற்றி தன்ராஜ் வெளிப்படையாகவே ஆத்திரப்பட்டிருந்தார்.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்கணும். கம்பெனி வேலை என்பது வீரருக்கு மாதச் சம்பளம் தந்தது. ஆனால் நாட்டுக்காக ஆடும்போது கிடைக்க வேண்டிய பணம் சம்மேளனத்தின் கையில் இருந்தது. அணியில் யார் இருக்கணும் என்ற முடிவும் அதே கையில்தான். பணம் பற்றிக் கேட்டால் இடம் போகும் என்ற நிலை. இரண்டுக்கும் நடுவில் வீரருக்கென்று பேச எந்தச் சங்கமும் இல்லை, எழுத்தில் எந்த ஒப்பந்தமும் இல்லை.

தன்ராஜ் கோபக்காரர் என்று ஒரு பெயர் உண்டு. அது உண்மையும்கூட. ஆனால் அவர் கோபப்பட்ட விஷயங்களைப் பட்டியல் போட்டால், அதில் பாதி மற்றவர்கள் மனதுக்குள் புழுங்கிக்கொண்டு சொல்லாமல் விட்டவை.

எத்தனை கோல் போட்டார்?

கிரிக்கெட்டில் சச்சின் எத்தனை ரன் எடுத்தார் என்று பள்ளிக்கூடப் பிள்ளையே சொல்லும். தன்ராஜ் இந்தியாவுக்காக எத்தனை கோல் போட்டார் என்று கேட்டால் அதிகாரபூர்வமான பதிலே கிடையாது. அன்றைய சம்மேளனம் கோல் கணக்கை முறையாகப் பதிவு செய்யவில்லை. 170-க்கு மேல் என்பது தன்ராஜும் ஹாக்கி புள்ளிவிவர ஆர்வலர்களும் சொல்லும் கணக்கு.

15 ஆண்டு ஆடிய நாட்டின் பெரிய வீரருக்கே இந்தக் கதி என்றால், மற்றவர்கள் நிலைமை எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். பதிவு இல்லை என்றால் மதிப்பும் குறையும். வேலை உயர்வு, பரிசுத் தொகை, ஓய்வூதியம் எல்லாமே காகிதத்தில் இருக்கும் கணக்கை வைத்துத்தானே கிடைக்கும்?

கடைசி ஆட்டம் எப்படி முடிந்தது?

2003-ல் ஆசியக் கோப்பை வென்ற அணி 2004 ஏதென்ஸுக்குப் போகும் முன்பே கலைந்த மாதிரி ஆகிவிட்டது. பெனால்டி கார்னர் நிபுணர் ஜுக்ராஜ் சிங் 2003-ல் கார் விபத்தில் படுகாயமடைந்தார். ஒலிம்பிக் நெருங்கிய நேரத்தில் பயிற்சியாளர் ராஜிந்தர் சிங்கை மாற்றி, ஜெர்மனியின் ஜெரார்டு ராக்கைக் கொண்டுவந்தார்கள்.

36 வயதில் நாலாவது ஒலிம்பிக் ஆடப் போன தன்ராஜுக்கு அங்கே கிடைத்த ஆட்ட நேரம் ரொம்பக் குறைவு என்று பெரிய சர்ச்சை எழுந்தது. தென் கொரியாவை வென்று 7-வது இடத்தோடு இந்தியா ஊர் திரும்பியது. தன்ராஜின் சர்வதேச வாழ்க்கையும் அத்தோடு முடிந்தது.

அந்த அணியில் தமிழ்நாட்டுக்காரர் ஒருவரும் இருந்தார். கோவையில் பிறந்த ஆடம் சின்கிளேர். அவருக்குப் பிறகு இந்திய ஆண்கள் ஹாக்கி அணியில் தமிழ்நாட்டு வீரர் ஒருவர்கூட ஒலிம்பிக் ஆடவில்லை. 2008-ல் இந்தியாவே தகுதி பெறவில்லை. 2012, 2016, டோக்கியோ, 2024 பாரிஸ் என்று அடுத்த நான்கிலும் தமிழ்நாட்டுப் பெயர் இல்லை.

பிறகு என்ன மாறியது?

2008 மார்ச்சில் சிலி நாட்டின் சாண்டியாகோவில் நடந்த தகுதிச் சுற்றில் பிரிட்டனிடம் 0-2 என்று தோற்று, 1928-க்குப் பிறகு முதன்முறையாக இந்திய ஆண்கள் ஹாக்கி அணி இல்லாத ஒலிம்பிக் வந்தது. அந்த அடிக்குப் பிறகுதான் பழைய சம்மேளனம் ஓரங்கட்டப்பட்டு, ஹாக்கி இந்தியா என்ற புது அமைப்பு வந்தது.

ஆனாலும் பணப் பிரச்னை உடனே தீரவில்லை. 2010 ஜனவரியில், டெல்லி உலகக் கோப்பைக்குச் சில வாரங்களே இருந்தபோது, புனே முகாமில் இருந்த இந்திய வீரர்கள் 'பாக்கிப் பணம் வரும்வரை பயிற்சிக்கு வர மாட்டோம்' என்று மட்டையைக் கீழே வைத்தார்கள். 1998-ல் தன்ராஜ் பேசியதை 12 ஆண்டு கழித்து அணி மொத்தமும் சேர்ந்து பேசியது. இந்த முறை யாரையும் 'ஓய்வு' என்று அனுப்ப முடியவில்லை. நாடே திரும்பிப் பார்த்தது.

அதன் பிறகு வந்த பெரிய மாற்றங்கள் மூன்று:

1. ஸ்பான்சர்: 2018 முதல் ஒடிசா அரசு இந்திய ஹாக்கி அணிகளுக்கு ஸ்பான்சராக இருக்கிறது. 2021-ல் டோக்கியோவில் ஜெர்மனியை 5-4 என்று வென்று 41 ஆண்டுகளுக்குப் பிறகு வெண்கலம். 2024 பாரிஸில் ஸ்பெயினை 2-1 என்று வென்று மறுபடியும் வெண்கலம்.

2. லீக்: நின்றுபோயிருந்த ஹாக்கி இந்தியா லீக் 2024 டிசம்பரில் திரும்ப வந்தது. ஏலத்தில் அடிப்படை விலை 2, 5, 10 லட்சம் ரூபாய் என்று வைத்தார்கள். அதிகபட்சமாக கேப்டன் ஹர்மன்ப்ரீத் சிங் 78 லட்சத்துக்குப் போனார். தமிழ்நாடு டிராகன்ஸ் என்று நம்ம ஊர் பெயரிலும் ஒரு அணி இருக்கிறது.

3. அரசு வேலை: பஞ்சாப், ஹரியானா போன்ற மாநிலங்கள் பெரிய வீரர்களுக்குப் போலீஸ் டிஎஸ்பி பதவி வரை தருகின்றன. தமிழ்நாட்டில் அரசு வேலைகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது.

திருச்சி பக்கத்திலிருந்து யாராவது போயிருக்கிறார்களா?

போயிருக்கிறார். அரியலூரைச் சேர்ந்த கார்த்தி செல்வம். 1995 வரை ஒன்றுபட்ட திருச்சி மாவட்டத்தில் இருந்த பகுதி அது.

2022 மே மாதம் ஜகார்த்தாவில் ஆசியக் கோப்பை. அறிமுக ஆட்டம், அதுவும் பாகிஸ்தானுக்கு எதிராக. 9-வது நிமிடத்தில் கார்த்தி கோல் போட்டார். ஆட்டம் 1-1 என்று முடிந்தது. தன்ராஜ் அறிமுகமானதும் ஆசியக் கோப்பையில்தான் என்பது ஒரு சுவாரசியமான ஒற்றுமை. 2023 ஆகஸ்டில் சென்னையில் நடந்த ஆசிய சாம்பியன்ஸ் டிராபியில், ஜப்பானை 5-0 என்று வீழ்த்திய அரையிறுதியில் ஐந்தாவது கோல் கார்த்தியுடையது. இந்தியா கோப்பையும் வென்றது.

கார்த்தி வளர்ந்தது ஃபேக்டரி குவார்ட்டர்ஸில் இல்லை. அவரும் சக வீரர் மாரீஸ்வரன் சக்திவேலும் பயிற்சி பெற்றது கோவில்பட்டியில், தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் சிறப்பு மையத்தில். கோவில்பட்டியை 'ஹாக்கிப்பட்டி' என்றே அழைப்பார்கள். அங்கே டர்ஃப் மைதானம் இருக்கிறது, விடுதி இருக்கிறது, சாப்பாடு கிடைக்கிறது.

அன்று தொழிற்சாலை டவுன்ஷிப் கொடுத்ததை இன்று அரசு விடுதி கொடுக்கிறது. பொதுத்துறையில் ஆள் எடுப்பது குறைந்துவிட்ட இந்தக் காலத்தில் இந்த மாற்றம் முக்கியம். மைதானம் குவார்ட்டர்ஸ் வாசலிலேயே இருந்தால் அம்மா சத்தம் போட்டுக் கூப்பிடும் தூரத்தில் பிள்ளை ஆடும். இப்போது நன்றாக ஆடும் பிள்ளை 13, 14 வயதிலேயே வீட்டை விட்டு வேறு ஊர் விடுதிக்குப் போக வேண்டியிருக்கிறது.

திருவெறும்பூரில் இருந்து ஒரு பிள்ளை போக வேண்டிய பாதை என்ன?

- முதல் படி: பள்ளி அணி, மாவட்ட அணி. மாவட்ட விளையாட்டு அலுவலகத்தில் விளையாட்டு விடுதித் தேர்வு எப்போது என்று விசாரித்து வைத்துக்கொள்ளலாம்.
- இரண்டாவது: மாநில அணி. தமிழ்நாடு ஹாக்கி அமைப்பின் வழியாக சப்-ஜூனியர், ஜூனியர் தேசியப் போட்டிகள். இங்கேதான் தேர்வாளர்கள் கண்ணில் படுவார்கள்.
- மூன்றாவது: தேசிய முகாம். பெங்களூரு சாய் மையத்தில் நடக்கும். இங்கே இடம் கிடைத்தால் இந்திய அணியின் கதவு தட்டும் தூரத்தில்.
- நான்காவது: வேலை. ரயில்வே, வங்கி, எண்ணெய் நிறுவனங்கள், ராணுவம், போலீஸ், மாநில அரசு.

பெற்றோர் மறக்கக் கூடாத ஒன்று உண்டு. சான்றிதழ். மத்திய அரசு வேலைக்கான விளையாட்டு ஒதுக்கீட்டில் சர்வதேசப் போட்டிக்குப் படிவம் 1, தேசியப் போட்டிக்குப் படிவம் 2, பல்கலைக்கழகப் போட்டிக்குப் படிவம் 3, தேசிய அளவிலான பள்ளிப் போட்டிக்குப் படிவம் 4 என்று பிரித்து வைத்திருக்கிறார்கள். கோப்பையும் மெடலும் அலமாரியில் இருக்கலாம். வேலைக்குக் கேட்பது இந்தப் படிவத்தைத்தான். போட்டி முடிந்த சூட்டோடு உரிய அமைப்பிடம் வாங்கி வைத்துவிடணும். வருடம் கழித்துப் போய் நின்றால் அலைச்சல்தான்.

அப்போ, வேலை கிடைக்குமா?

இந்தியாவுக்கு ஆடினால் வேலை அநேகமாக உறுதி. தேசிய அளவில் நன்றாக ஆடினால் வாய்ப்பு நிறைய. மாவட்ட அளவோடு நின்றுவிட்டால் ஹாக்கி மட்டும் சோறு போடாது. இதை மறைப்பதில் அர்த்தமில்லை. அதனால்தான் விடுதிக்குப் போகும் பிள்ளைகள் படிப்பையும் விடாமல் பார்த்துக்கொள்ளச் சொல்கிறார்கள்.

தன்ராஜ் பிள்ளைக்கு ஹாக்கி வேலை கொடுத்தது, பெயர் கொடுத்தது, மும்பையில் வீடு கொடுத்தது. கேட்ட பணத்துக்குப் பதிலாக அணியிலிருந்து நீக்கமும் கிடைத்தது. அவர் கேட்ட பலவும் அடுத்தடுத்த தலைமுறைக்குத்தான் வந்து சேர்ந்தன: ஸ்பான்சர், ஏலத் தொகை, அரசு வேலை.

இனி வர வேண்டியது வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு டர்ஃப். அது வந்துவிட்டால், 'வேலை கிடைக்குமா' என்று கேட்கும் அதே வீட்டில் 'எத்தனை மணிக்குப் பயிற்சி?' என்ற கேள்வியும் வரும்.